வார்டும் புத்தகமும்: பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.எஸ்சி. நர்சிங்கில் சேரும் மாணவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே ஒரு பழக்கத்துக்கு ஆளாகிவிடுகிறார்கள். வகுப்பில் நடத்துவதைத் தேர்வுக்குரிய பாடமாகவும், மருத்துவமனையில் செய்வதை எப்படியாவது முடித்தாக வேண்டிய டியூட்டியாகவும் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். காலையில் இதயச் செயலிழப்பு நோயாளியின் வீங்கிய காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்த மாணவி, இரவு விடுதியில் அதே நோயைப் பற்றிய பக்கங்களை எங்கோ யாருக்கோ வரும் நோயைப் போல மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். படிப்பு பாரமாவதும், படித்தது மூன்று மாதத்தில் மறந்துபோவதும் இந்தப் பிரிவினையால்தான். செவிலியர் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடிய வழி ஒன்றுதான்: இன்று பார்த்த நோயாளியை இன்று இரவே புத்தகத்தில் தேடிப் படியுங்கள். கீழே எழுதியிருப்பவை எல்லாம் அந்த ஒன்றை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைப் பற்றியவை.

இந்தப் படிப்பின் அமைப்பே அதைத்தான் எதிர்பார்க்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட பாடத்திட்டத்தின்படி இது நான்கு ஆண்டுகள், எட்டு பருவங்கள் கொண்ட படிப்பு. ஒரு கிரெடிட் என்பது தியரிக்கு ஒரு பருவத்தில் 20 மணி நேரம். செய்முறைகளைப் பழகும் ஸ்கில் லேபுக்கு 40 மணி நேரம். மருத்துவமனையில் பெறும் கிளினிக்கல் பயிற்சிக்கு 80 மணி நேரம். கால அட்டவணையில் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பணிக்கு, இவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கும்போது, அந்த நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதவர் தம் படிப்பில் பெரும்பகுதியைக் கைவிட்டவர் ஆகிறார்.

சேர்வதற்கு முன்

பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்து, குறைந்தது 45 விழுக்காடு மதிப்பெண் பெற்று, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் பொது விதி. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு வழியாகப் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. புதுச்சேரி ஜிப்மரிலும் ராணுவ நர்சிங் கல்லூரிகளிலும் சேர நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். எய்ம்ஸ் நிறுவனங்கள் தங்கள் நுழைவுத் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன. 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. போன்ற நிறுவனங்களுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கும் செல்லுமா என்பவற்றைச் சரிபார்த்த பிறகு, இன்னும் முக்கியமான ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனை எது, அங்கே படுக்கைகளில் உண்மையில் நோயாளிகள் இருக்கிறார்களா? கல்லூரிக்கென்று 100 படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காகிதத்தில் உள்ள படுக்கையிடம் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. வாயிலில் நின்று மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் பேசினாலே உண்மை தெரிந்துவிடும். பிரசவ வார்டில் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில் விளம்பரத் தாளைவிட நம்பகமானது.

அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் இதற்குரிய விவரங்களைக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு

முதல் பருவத்தில் பலருடைய கண்ணீருக்குக் காரணம் உடற்கூறியல் அல்ல, அதை எழுதியிருக்கும் மொழிதான். எண்பது பக்கப் பாடத்தைத் தமிழில் சொன்னால் ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்ளும் பிள்ளைகள், ஆங்கிலச் சொற்களின் நீளத்தைக் கண்டு தமக்கு அறிவு போதாது என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை சில கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது, 'ஆஸ்டமி' என்றால் துளையிட்டுத் திறப்பது என்று தெரிந்துகொண்டால் நெஃப்ரைட்டிஸும் நெஃப்ரெக்டமியும் நெஃப்ராஸ்டமியும் தாமாகவே பிரிந்து பொருள் தரும். 'டாக்கி' வேகம், 'பிராடி' மெதுவு, 'ஹைப்பர்' மிகுதி, 'ஹைப்போ' குறைவு. இப்படி ஒரு நாளைக்கு ஐந்து துண்டுகள் என்று எழுதி வந்தால் ஒரு பருவத்துக்குள் புத்தகத்தின் பக்கங்கள் பழகிவிடும்.

இன்னொரு அகராதியையும் சேர்த்தே எழுதச் சொல்வேன். அது நோயாளியின் தமிழ். 'மூச்சு வாங்குது' என்பது டிஸ்ப்னியா. 'நெஞ்சு படபடங்குது' என்பது பால்பிடேஷன். 'கால் மதமதன்னு இருக்கு' என்றால் உணர்வுக் குறைவு. சர்க்கரை நோயாளி அதைச் சொன்னால் உடனே பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 'நீர்க்கடுப்பு' டிஸ்யூரியா. 'நெஞ்சு கரிக்குது' என்று ஒருவர் சொல்வது வெறும் நெஞ்செரிச்சலாகவும் இருக்கலாம், மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். அவருக்கு வியர்க்கிறதா, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று அந்த இடத்திலேயே கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த மாணவருக்கு இந்த இடத்தில் ஒரு பலம் இருக்கிறது. கிராமத்திலிருந்து வந்த பாட்டி சொல்லும் சொல்லைப் புரிந்துகொண்டு கேஸ் ஷீட்டில் சரியாக எழுதக்கூடியவர் அவர்தான்.

முதல் ஆண்டுப் பாடங்களை எப்படிப் படிப்பது

உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்து ஒரே வினாத்தாளாக வருகின்றன. 75 மதிப்பெண்களில் ஒன்றுக்கு 37, மற்றொன்றுக்கு 38. இரண்டையும் தனித்தனியே படிப்பதைவிட ஒவ்வோர் உறுப்பையும் ஒரே அமர்வில் 'எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது, கெட்டுப்போனால் நோயாளியிடம் என்ன தெரியும்' என்ற மூன்று கேள்விகளோடு முடிப்பது நல்லது. இதயத்தின் ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் வரைந்து பழகுங்கள். வலது பக்கம் செயலிழந்தால் ரத்தம் உடலில் தேங்கி ஏன் கால் வீங்குகிறது, இடது பக்கம் செயலிழந்தால் நுரையீரலில் தேங்கி ஏன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறார்கள் என்பதை அந்தப் படத்தில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். அப்படி ஒரு முறை சொன்னவருக்கு மூன்றாம் பருவத்தில் அடல்ட் ஹெல்த் நர்சிங் பாடம் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

சமூகவியலையும் உளவியலையும் மதிப்பெண்ணுக்கு மட்டும் படிப்பவர்கள் உண்டு. மனநல வார்டுக்குப் போகும் நாளில் அவர்கள் வருந்துகிறார்கள் என்பதோடு அதை விடுகிறேன்.

ஸ்கில் லேபில் படி படியாகச் செய்முறையை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஒவ்வொரு படிக்கும் காரணத்தைக் கேளுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்பதும் அதைத்தான். உதாரணத்துக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்கிறோம், ஏனென்றால் படியேறி வந்தவருக்கு அளவு கூடுதலாகக் காட்டும். கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைக்கிறோம், ஏனென்றால் கை தொங்கினாலும் அளவு கூடும். கையில் சுற்றும் கஃப் என்ற காற்றுப் பட்டை கைக்கு ஏற்ற அகலத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் இல்லாத உயர் ரத்த அழுத்தம் தோன்றும். முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றை ஏற்றி, நாடி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 30 மி.மீ. வரை ஏற்ற வேண்டும். சிலருக்கு இடையில் ஓசை காணாமல் போய்த் திரும்ப வரும் என்பதால், இந்தப் படியைத் தவிர்ப்பவர் உண்மையான மேல் அளவைத் தவறவிடுவார். பிறகு நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் அந்தத் தட்டல் ஓசையை 1905-இல் விவரித்த ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் பெயரால்தான் அது இன்றும் அழைக்கப்படுகிறது.

என் இரண்டாம் ஆண்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இரைச்சல் மிகுந்த ஒரு வார்டில், ஓசை சரியாகக் கேட்காத நிலையில், முந்தைய வேளையின் அளவைப் பார்த்து 130/80 என்று சார்ட்டில் எழுதிவிட்டேன். சற்று நேரத்தில் அந்த அம்மா தலைவலி என்று சொல்ல, வார்டு சிஸ்டர் மறுபடி பார்த்தபோது 180/110 இருந்தது. அவருக்கு உடனே மருந்து கொடுக்கப்பட்டுக் கேடு எதுவும் நேரவில்லை. ஆனால் நான் எழுதிய எண்ணை நம்பித்தான் மருத்துவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருந்தார் என்பதை இன்றுவரை மறக்கவில்லை. ஓசை கேட்கவில்லை என்றால் 'எனக்குக் கேட்கவில்லை, சிஸ்டர், ஒரு முறை பாருங்கள்' என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன மாணவரை நல்ல சிஸ்டர் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

வார்டில் கற்பது

மேலங்கிப் பையில் அடங்கும் சிறிய நோட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்து, அவருடைய பெயரை எழுதாமல் வயது, நோய், கொடுக்கும் மருந்துகள், பார்த்த பரிசோதனை அளவுகள், உங்களுக்குப் புரியாத ஒரு விஷயம் ஆகியவற்றைக் குறியுங்கள். இரவு அந்தப் புரியாத விஷயத்தை மட்டுமாவது புத்தகத்தில் தேடுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும். ஒரு பருவத்தில் அறுபது நோயாளிகள் சேர்ந்துவிடுவார்கள். தேர்வு அறையில் கேள்வியைப் படித்ததும் அவர்களில் ஒருவருடைய முகம் நினைவுக்கு வரும். காலையில் வேளை மாறும்போது சிஸ்டர்கள் ஓவர் கொடுப்பதை, அதாவது அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை, அருகில் நின்று கேளுங்கள். முப்பது நோயாளிகளைப் பற்றிப் பத்து நிமிடத்தில் எது முக்கியம், எது இல்லை என்று பிரித்துச் சொல்லும் அந்தத் திறமையை எந்தப் பாடநூலும் கற்றுத் தருவதில்லை.

நோயாளிக்கான பராமரிப்புத் திட்டமான கேர் பிளான் எழுதுவதில்தான் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். சீனியரின் ஃபைலைப் பார்த்து எழுதும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. கையெழுத்து கிடைத்துவிடும், கல்வி கிடைக்காது. ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். 58 வயதுள்ள கொத்தனார் ஒருவர் இடது பாதத்தில் புண்ணோடு சேர்ந்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மருத்துவருடைய முடிவு 'நீரிழிவுப் பாதப் புண்'. அதையே, செவிலியர் கண்டறியும் பிரச்சினையான நர்சிங் டயக்னாசிஸாக எழுதினால் தவறு. செவிலியர் பார்க்க வேண்டியது புண்ணின் நீள அகலம், கசிவு, நாற்றம், பாதத்தின் நாடித் துடிப்பு, பஞ்சு தொட்டால் உணர்கிறாரா என்பது, எப்படிப்பட்ட செருப்பு போடுகிறார் என்பது, வேலைக்குப் போகாததால் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்பது ஆகிய எல்லாவற்றையும்தான். அவற்றிலிருந்து 'உணர்விழப்பாலும் நீண்டநாள் உயர் சர்க்கரையாலும் தோலின் முழுமை சிதைந்துள்ளது. இடது பாதத்தில் 4 செ.மீ. நீளமுள்ள புண் இதற்குச் சான்று' என்று பிரச்சினை, காரணம், சான்று மூன்றும் அடங்க எழுத வேண்டும். கட்டிட வேலையில் வெறுங்காலோடு சிமெண்ட் கலவையில் நிற்பவருக்குப் பாதப் பராமரிப்பைப் பற்றி அறிவில்லை என்பது இரண்டாவது பிரச்சினை. ஒருவேளை அவருக்கு அதுவே முதல் பிரச்சினையாகவும் இருக்கலாம், ஏனென்றால் இந்தப் புண் ஆறினாலும் அடுத்த புண் அங்கிருந்துதான் வரும்.

இலக்கை அளக்கக்கூடியதாக எழுதுங்கள். 'புண் ஆறும்' என்பதைவிட 'மூன்று நாளில் கசிவு குறையும், நோயாளி தம் பாதத்தைக் கண்ணாடி வைத்துத் தாமே பார்க்கக் கற்பார்' என்பது மேல். கடைசியில் மதிப்பீட்டுப் பத்தியில், இலக்கு நிறைவேறாவிட்டால் நிறைவேறவில்லை என்றே எழுதுங்கள். எல்லாக் கேர் பிளானும் 'இலக்கு எட்டப்பட்டது' என்று முடியும் ரெக்கார்டைத் திருத்தும் ஆசிரியருக்கு, அது நோயாளியின் அருகில் அமர்ந்து எழுதியதல்ல என்பது தெரிந்துவிடும்.

மருந்தும் கணக்கும்

மருந்தியலைத் தனித்தனிப் பெயர்களாகப் படித்தால் கடலாகத் தோன்றும்; குடும்பமாகப் படித்தால் கைக்குள் அடங்கும். 'ஓலால்' என்று முடியும் அட்டினலால், மெட்டோப்ரலால், ப்ரோப்ரனலால் ஆகியவை இதயத் துடிப்பைக் குறைப்பவை. கொடுக்குமுன் நாடியைப் பார்க்க வேண்டும், ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 'ப்ரில்' என்று முடிபவை வறட்டு இருமலைத் தரலாம். டிகாக்ஸின் என்ற இதய மருந்தைக் கொடுக்குமுன் முழு ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ணி, பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு ஊசியை ஒருபோதும் நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தக் கூடாது. அது இதயத்தை நிறுத்திவிடும். இவற்றை மருந்து டிராலியின் அருகில் நின்று, சிஸ்டர் எடுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் உங்களுக்குள் சொல்லிப் பார்த்தால் புத்தகம் திறக்காமலே பாதி மருந்தியல் வந்துவிடும்.

கணக்கைக் கண்டு பயப்படுபவர்கள் இரண்டு மூன்று வகைகளை நாள்தோறும் போட்டுப் பார்த்தால் போதும். 500 மி.லி. நார்மல் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் செட் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க 20.8 வரும், ஆகவே நிமிடத்துக்கு 21 சொட்டு. அதே சலைனுக்கு ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ டிரிப் செட் மாட்டியிருந்தால் நிமிடத்துக்கு 62 அல்லது 63. செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல் கணக்குப் போடுபவர் சூத்திரத்தைச் சரியாகத் தெரிந்தும் தவறாக ஏற்றுவார். குழந்தை வார்டில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. 8 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் என்றால் 120 மி.கி.; 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 5 மி.லி., 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் அது 2.4 மி.லி. மட்டுமே. புட்டியைப் படிக்காமல் 'ஒரு மூடி' கொடுக்கச் சொல்லி அனுப்பினால் குழந்தைக்கு இரட்டிப்பு மருந்து போய்விடும்.

இன்சுலினில் நேரக்கூடிய பிழையைத் தனியாகச் சொல்கிறேன். நம் நாட்டில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள புட்டியும், 100 யூனிட் உள்ள புட்டியும் புழக்கத்தில் உள்ளன; முன்னதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, பின்னதற்குரியது ஆரஞ்சு. 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உண்மையில் 50 யூனிட் உள்ளே போகும். புட்டியையும் சிரிஞ்சையும் அருகருகே பிடித்து இரண்டிலும் எண் பொருந்துகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

கல்லூரியில் சேர்ந்ததும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையும் முடித்துவிடுங்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ 40 முதல் 60 நொடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 நொடி என்ற அளவு பழக்கமாகும் வரை எண்ணிப் பாருங்கள். ஊசியைப் போட்டபின் மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். ஊசி வெள்ளை நிற, துளைபடாத பெட்டிக்கும், டியூபும் கையுறையும் சிவப்புப் பைக்கும், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கும், கண்ணாடிக் குப்பி நீலத்துக்கும் போக வேண்டும். மீறி ஊசி குத்திவிட்டால் குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஒரு நாள் மறைத்தாலும் அந்த வாய்ப்பில் பெரும்பகுதி போய்விடும்.

முதல் மரணத்தைப் பார்க்கும் நாளும் வரும். அன்று சாப்பிட முடியாமல் போவது பலவீனம் இல்லை. யாரிடமாவது பேசுங்கள், உங்கள் ஆசிரியரிடம் பேசினால் இன்னும் நல்லது. மறுநாள் வார்டுக்குப் போங்கள்.

தேர்வும் வருகையும்

தியரியில் உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. பெரும்பாலான பாடங்களில் தியரியிலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு எடுக்க வேண்டும். தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை போதும் என்றாலும், பட்டம் பெறுவதற்கு முன் கிளினிக்கல் நேரத்தை ஒவ்வொரு பகுதியிலும் 100 விழுக்காடு முடித்தாக வேண்டும். ஆகவே விடுப்பு எடுத்த போஸ்டிங்கை அந்தப் பருவத்திலேயே ஈடு செய்துவிடுங்கள். கடைசி ஆண்டில் மொத்தமாகச் செய்வது துன்பம். விடைத்தாளில் நர்சிங் மேனேஜ்மென்ட் பகுதிதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. நோயின் காரணங்களை மூன்று பக்கம் எழுதிவிட்டுச் செவிலியரின் பணியை நான்கு வரியில் முடிக்கும் விடை, மருத்துவ மாணவரின் விடையாகப் படிக்கப்படுமே தவிர உங்கள் விடையாகப் படிக்கப்படாது. அரியர் விழுந்தால் வெட்கப்பட்டு ஒதுங்காமல் அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடியுங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து

குழந்தை நலம், மனநலம், சமூக நலம், மகப்பேறு என்று வரும் இந்தக் காலம்தான் படிப்பின் செழிப்பான பகுதி. பிரசவ அறையில் குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் அதன் உடல்நிலையைப் பார்த்துப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணை நீங்களே போட்டு, பிறகு சிஸ்டர் போட்டதோடு ஒப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பின் 500 மி.லி.க்கு மேல் ரத்தம் போனால் அது ஆபத்து என்பது புத்தகத்தில் ஒரு வரி. ஒரு பேட் எவ்வளவு ரத்தத்தை உறிஞ்சும், தரையில் பரவிய ரத்தம் எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடப் பழகுவது அங்கே நின்றால்தான் வரும்.

சமூக நலப் போஸ்டிங்கை ஓய்வுக் காலமாக எண்ணாதீர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கணக்கு, கிராம சுகாதாரச் செவிலியரோடு ஒரு நாள் தெருத் தெருவாக நடந்தால்தான் உறைக்கும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அப்படி ஒரு வீட்டில் மாத்திரை ஏன் சாப்பிடாமல் டப்பாவில் மீந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நோயாளிக் கல்வி என்ற பாடத்துக்கு அந்தப் பதிலைவிடச் சிறந்த முன்னுரை கிடைக்காது.

எட்டாம் பருவம் முழுவதும் இன்டர்ன்ஷிப். 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதோடு சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரம் வேலைவாய்ப்புத் தேர்வுக்கு ஒதுக்குங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நார்செட் தேர்வு, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு, பிரிட்டனுக்கு ஆங்கிலத் திறன் தேர்வோடு கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் என்று வழிகள் பலவாக இருந்தாலும், அவற்றில் வரும் கேள்விகள் பெரும்பாலும் 'இந்த நால்வரில் யாரை முதலில் பார்ப்பீர்கள்' என்ற வகையைச் சேர்ந்தவை. நான்கு ஆண்டுகள் சிறு நோட்டில் நோயாளிகளைக் குறித்து வந்தவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

தேர்ச்சி பெற்றதும் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் செவிலியராகப் பணியாற்ற முடியாது. செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கில் உள்ள ஒவ்வொரு கையெழுத்தையும் போஸ்டிங் முடியும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நீங்கள் முடித்த தியரி, கிளினிக்கல் மணி நேரங்களைக் காட்டும் டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். வெளிநாட்டுக் கவுன்சில்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து அதற்காகக் கல்லூரிக்கு வந்து நிற்கும்போது, உங்கள் கணக்கை அறிந்த ஆசிரியர்கள் அங்கே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.